பெட்டிக்குள் இருந்தவர் யார்?

இயந்திரம் சிந்திக்குமா என்னும் வினா நம் காலத்தில்தான் பிறந்தது என்று பலர் எண்ணுகின்றனர். அதற்கு வயது 250 ஆண்டுகளுக்கு மேல். அதன் வரலாற்றின் முதற்பகுதியில் ஒரு மரப்பெட்டி நிற்கிறது. அதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விழைகின்றேன்.

1770ஆம் ஆண்டில், வியன்னா நகரில், பேரரசி மரியா தெரேசாவின் அவையிலே, கெம்பலன் என்னும் ஹங்கேரி நாட்டு அலுவலர் ஒரு விந்தையைக் காட்டினார். மூன்றரை அடி நீளமுள்ள பெட்டி. அதன் பின்னே துருக்கியரைப் போலத் தலைப்பாகை அணிந்த மரப்பொம்மை. பெட்டியின் மேல் சதுரங்கப் பலகை. கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டுவார். உள்ளே பற்சக்கரங்கள் தென்படும். பின்னர்ச் சாவி கொடுத்து முடுக்கினால், பொம்மை தன் இடக்கையால் காய்களை எடுத்து வைத்து ஆடும். பெரும்பாலும் வெல்லவும் வெல்லும். 1809இல் நெப்போலியனும் அதனிடம் தோற்றான். அவன் வேண்டுமென்றே முறை தவறிக் காய் நகர்த்த, பொம்மை காய்களையெல்லாம் வாரித் தள்ளிவிட்டது என்று ஒரு கதை உண்டு. அக்காலத்து ஐரோப்பாவில் அவனுக்கு அஞ்சாதிருந்தது அந்த மரக்கட்டை ஒன்றுதான் போலும்!

உண்மையில் பெட்டிக்குள் ஒரு மனிதர் இருந்தார். ஒரு பக்கத்துக் கதவு திறக்கும்போது, நகரும் இருக்கையில் அவர் மறுபக்கம் ஒதுங்கிக்கொள்வார். காய்களின் அடியில் காந்தம் இருந்தது. பலகைக்குக் கீழே தொங்கிய சிறு உலோகத் துண்டுகளின் அசைவைக் கொண்டு எந்தக் காய் நகர்ந்தது என்று அறிவார். வெளிச்சத்திற்கு ஒரு மெழுகுவத்தி. அதன் புகை பொம்மையின் தலைப்பாகை வழியே வெளியேறும். அது புலப்படாதிருக்க வெளியிலும் விளக்குகள் எரியும். அந்த வெப்பத்தில் உடலைக் குறுக்கி அமர்ந்து ஆடியவருக்குப் புகழ் இல்லை, புகழெல்லாம் பொம்மைக்கே. அமெரிக்காவில் நெடுநாள் அவ்வாறு ஆடிய ஷ்லும்பெர்கர் என்பவர் 1838இல் ஹவானா நகரில் மஞ்சட் காய்ச்சலால் இறந்தார்.

அவர் உயிரோடிருந்தபோதே, 1836இல், எட்கார் ஆலன் போ என்னும் எழுத்தாளர் இந்த மறைபொருளை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். ஆட்டம் நடக்கும்போது ஷ்லும்பெர்கர் கண்ணில் படுவதில்லை. அவர் நோயுற்றால் காட்சியும் நின்றுவிடுகிறது. இவற்றைப் போ கூர்ந்து கண்டார். அம்மட்டோடு நில்லாமல் வேறு காரணங்களும் கூறினார். கணக்கில் ஒரு படி மற்றொரு படியைக் கட்டாயமாகத் தரும். சதுரங்கமோ எதிரியின் விருப்பத்தைப் பொறுத்தது. ஆகவே அது இயந்திரத்திற்கு எட்டாது. மேலும், இயந்திரமாயின் என்றும் வெல்ல வேண்டும். இதுவோ சில வேளை தோற்கிறது! கணக்கு ஆசிரியனாகப் பணி தொடங்கிய நான், “விடை சரி, வழி தவறு” என்று எத்தனையோ விடைத்தாள்களில் எழுதியிருக்கின்றேன். போவின் தாளிலும் அதையே எழுதத் தோன்றுகிறது. 1912இல் ஸ்பெயின் நாட்டுப் பொறியாளர் டோரஸ் கெவெடோ அமைத்த இயந்திரம், அரசனும் யானையும் கொண்டு, எதிரியின் தனி அரசன் எங்கே நகர்ந்தாலும் அதற்கேற்ப ஆடி வென்றது. உள்ளே எவரும் இல்லை.

இனி 1997ஆம் ஆண்டுக்கு வருவோம். நியூயார்க்கில் உலக வீரர் காஸ்பரோவை ஐ.பி.எம். நிறுவனத்தின் டீப் புளூ என்னும் கணிப்பொறி எதிர்த்தது. நொடிக்கு 20 கோடி நிலைகளை ஆராயும் ஆற்றல் அதற்கு உண்டு. இரண்டாம் ஆட்டத்தில், கைக்கெட்டிய காய்களை வெட்டாமல் அது பொறுமை காத்தது. காஸ்பரோவுக்கு ஐயம் பிறந்தது: உள்ளே மனிதர் எவரேனும் தலையிடுகின்றனரோ? நிறுவனம் மறுத்தது. வரலாற்றின் வேடிக்கையைப் பாருங்கள். இயந்திரம் தவறுகிறதே, ஆகவே மனிதன் இருக்கிறான் என்றார் போ. இயந்திரம் இவ்வளவு பக்குவமாக ஆடுகிறதே, ஆகவே மனிதன் இருக்கக்கூடும் என்று அஞ்சினார் காஸ்பரோவ்.

அறிவின் வேறுபாட்டை ஆட்டத்தின் தரத்தில் தேடுவது வீண் என்றே நான் கருதுகின்றேன். அந்த இரண்டாம் ஆட்டத்தில் தோல்வியை ஒப்புக்கொண்ட காஸ்பரோவ், சமன் செய்ய வழியிருந்தது என்று மறுநாள் தம் குழுவினர் கூறக் கேட்டு உள்ளம் தளர்ந்தார். அந்தத் தளர்ச்சி அடுத்த ஆட்டங்களிலும் அவரோடு வந்து அமர்ந்தது. ஆறாம் ஆட்டம் 19 நகர்த்தல்களில் முடிந்தது. மனித அறிவு நாணத்தோடும் களைப்போடும் ஐயத்தோடும் பின்னியே இயங்குகிறது. பல வேளைகளில் அதனால் கெடுகிறது, சில வேளைகளில் அதனாலேயே உயர்கிறது. டீப் புளூவுக்கு நேற்றைய ஆட்டத்தால் வருத்தமும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை.

காஸ்பரோவ் மீண்டும் ஆட வேண்டும் என்று கேட்டார். நிறுவனம் இசையவில்லை. டீப் புளூவின் இரு பகுதிகளில் ஒன்று வாஷிங்டனிலும் மற்றொன்று கலிபோர்னியாவிலும் அருங்காட்சியகங்களில் வைக்கப்பட்டன. காஸ்பரோவ் 2005 வரை போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்தார்.