பந்து பொறுக்கிய கையும் உலகப் பட்டமும்

ஸ்குவாஷ் என்ற சொல்லைக் கேட்டதும் நம் காட்டுப்பாக்கத்திலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் பலருக்கு நினைவில் எழுவது புட்டியில் அடைத்து விற்கும் பழரசமேயாகும். அதே பெயரில் ஓர் ஆட்டம் உண்டு. நான்கு சுவர்களுக்குள் இருவர் நின்று, சிறியதொரு ரப்பர்ப் பந்தை மாறிமாறி முன்சுவரில் மோதவிடும் ஆட்டம் அது. அவ்வாட்டத்தின் உலகப் பட்டத்தைப் பெஷாவரை அடுத்த ஒரு சிற்றூரார் நெடுங்காலம் தம் குடும்பச் சொத்தேபோல் காத்து வைத்திருந்தனர். அந்த வரலாற்றை ஊன்றி நோக்குமிடத்து நமக்குப் புலப்படும் உண்மை ஒன்றுண்டு: ஆடுகளத்தின் கதவு எவருக்குத் திறந்திருந்ததோ, காலம் தாழ்ந்தேனும் பட்டம் அவரைத் தேடியே சென்றது.

ஆட்டத்தின் பிறப்பே வியப்புக்குரியது. இலண்டன் மாநகரின் ஃபிளீட் முதலிய சிறைகளில் கடன்பட்டு அடைபட்டோர், பொழுதைப் போக்கச் சிறைச்சுவரில் பந்தடித்தனர். ‘ராக்கெட்ஸ்’ எனப் பெயர் பெற்ற அவ்விளையாட்டு பின்னர்ச் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பயிலும் ஹாரோ பள்ளியை எட்டியது. அங்கே 19ஆம் நூற்றாண்டில், அழுத்தினால் நசுங்கும் மென்பந்தைக் கொண்டு ஆடத் தொடங்கியபோது ஸ்குவாஷ் உருவாயிற்று. ஆங்கிலேய இராணுவ அதிகாரிகள் தாம் சென்ற நாடெங்கும் அதனைக் கொண்டுசென்றனர். சிறைப்பட்ட ஏழையின் ஆட்டம் இவ்வாறு கனவான்களின் மன்றத்துக்குள் புகுந்து கதவை அடைத்துக்கொண்டது.

அக்காலத்தில் ‘தொழில்முறை ஆட்டக்காரர்’ என்பது பெருமைக்குரிய பட்டமன்று. மன்றத்தில் சம்பளம் பெற்று, உறுப்பினர்களுக்குப் பயிற்சி தந்து, பந்தும் மட்டையும் பேணும் ஊழியரையே அச்சொல் குறித்தது. 1930இல் ஆடவர்க்கான பிரிட்டிஷ் ஓபன் போட்டி தொடங்கியபோது முதலில் மோதியவர்கள் இத்தகைய இருவரே. குயின்ஸ் மன்றத்தின் சார்லஸ் ரீடை, கன்சர்வேடிவ் மன்றத்தின் டான் புட்சர் வென்றார். அதிகாரபூர்வமான உலகப் போட்டி இல்லாத அந்நாளில் இப்பட்டமே உலகப் பட்டமாக மதிக்கப்பட்டது. பின்னர் எகிப்தின் அரசுத் தூதுவர் பணியிலிருந்த அம்ர் பே 6 முறையும், கெய்ரோ நகரின் மஹ்மூத் கரீம் 1947 முதல் 1950 வரை தொடர்ந்து 4 முறையும் வாகை சூடினர்.

இனி ஹாஷிம் கானின் வரலாற்றுக்கு வருவோம். பெஷாவருக்கு அருகிலுள்ள நவாக்கிலே அவர் ஊர். தந்தையார் ஆங்கிலேய அதிகாரிகளின் மன்றத்தில் பணியாளர். இளமையிலேயே தந்தையை இழந்த ஹாஷிம், அதே மன்றத்தில் பந்து பொறுக்கும் சிறுவனாகச் சேர்ந்தார். கூரையற்ற ஆடுகளத்திலிருந்து வெளியே பறக்கும் பந்தை ஓடி எடுத்துத் தருவதே வேலை. கொளுத்தும் நண்பகலில் அதிகாரிகள் ஓய்வெடுக்கச் சென்றதும் ஆடுகளம் அவருடையதாகும். எதிராளி இல்லாத வேளையில் தாமே தமக்கு எதிராளியாக நின்று, வெறுங்காலுடன் ஆடிப் பழகினார்.

1944இல் பம்பாயில் நடைபெற்ற அகில இந்தியப் போட்டியில் ஹாஷிம் வென்றார். 1950இல் பம்பாயைச் சேர்ந்த அப்துல் பாரி இலண்டன் சென்று, பிரிட்டிஷ் ஓபன் இறுதிவரை முன்னேறித் தோற்றார். தாம் முன்பு வென்ற ஒருவர் இத்துணை தூரம் செல்ல முடியுமானால், தம்மாலும் முடியும் என ஹாஷிம் துணிந்தார். பாகிஸ்தான் விமானப் படையினர் உதவ முன்வந்தனர். 1951இல், பிற ஆட்டக்காரர் ஓய்வை எண்ணும் வயதில், அவர் முதன்முறையாக இலண்டன் களத்தில் இறங்கினார். இறுதியாட்டத்தில் கரீமை 9-5, 9-0, 9-0 என வீழ்த்தினார். மொத்தம் 7 முறை பட்டம் அவருடையதாயிற்று. உறவினர் ரோஷன் கான் 1957இலும், தம்பி ஆஸம் கான் 1959 முதல் 1962 வரையிலும், மொஹிபுல்லா கான் 1963இலும் வென்றனர். இவ்வாறு 13 ஆண்டுகள் பட்டம் அந்த உறவினர் வட்டத்தை விட்டு நீங்கவில்லை.

ஆயினும் கனவானுக்கும் ஊதியம் பெறுபவனுக்கும் இடையே நின்ற சுவர் உடனே இடிந்துவிடவில்லை. 1967இல் தொடங்கிய தனிநபர் உலகப் போட்டி அமெச்சூர் ஆட்டக்காரர்க்கே உரியதாயிருந்தது. இரு சாராரும் மோதும் உலக ஓபன் 1976இல்தான் வந்தது. ஆடவர் பிரிவில் ஆஸ்திரேலியாவின் ஜெஃப் ஹன்ட், மகளிர் பிரிவில் அதே நாட்டின் ஹெதர் மக்கே ஆகியோர் முதல் பட்டங்களைப் பெற்றனர். 1980இல் அமெச்சூர், தொழில்முறை என்னும் பாகுபாடே ஒழிந்தது.

அந்தத் திருப்பத்தில் தோன்றியவர் ரோஷன் கானின் மகன் ஜஹாங்கீர். 1979இல் 15 வயதில் அமெச்சூர் உலகப் பட்டத்தை வென்றார். அதே ஆண்டில் அவருடைய அண்ணன் தோர்சம், ஆஸ்திரேலியாவில் ஆடிக்கொண்டிருக்கையிலேயே சாய்ந்து உயிர் நீத்தார். ஆட்டத்தையே துறக்க எண்ணிய தம்பி, துயரத்தை விழுங்கி மீண்டும் மட்டையை ஏந்தினார். 1981இல் டொராண்டோவில் ஹன்ட்டை வென்று 17 வயதில் உலக ஓபன் வீரரானார். ஐந்தாண்டுகளுக்கும் மேலாகத் தோல்வியறியாத அவரை 1986இல் துலூஸ் நகரில் நியூசிலாந்தின் ராஸ் நார்மன் வென்றார். ஜஹாங்கீர் 6 முறையும், அவருக்குப்பின் வந்த ஜான்ஷேர் கான் 8 முறையும் உலக ஓபன் பட்டம் பெற்றனர். 1996க்குப் பின் ஆடவர் உலகப் பட்டம் பாகிஸ்தானுக்கு மீளவில்லை. கெய்ரோ, அலெக்சாண்டிரியா நகர மன்றங்களில் சிறுவர் சிறுமியர் திரளாகப் பயின்ற எகிப்துக்கு அது இடம்பெயர்ந்தது. 2003இல் அம்ர் ஷபானா தொடங்கிவைத்த அவ்வரிசை இன்றும் நீள்கிறது. மகளிரில், தந்தை வழியில் இந்திய வமிசத்தவரான பினாங்கின் நிக்கோல் டேவிட் 8 முறை வென்றார். எகிப்தின் நூர் எல் ஷெர்பினி 2025இல் அவ்வெண்ணிக்கையை எட்டினார்.

இவ்வளவும் தொலைவில் நிகழ்ந்தவையன்றோ என வாசகர் வினவலாம். நம் பூந்தமல்லியிலிருந்து சென்னைக்குள் செல்லும் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலேயே, எழும்பூரை ஒட்டிய நேரு பூங்காவில், ஸ்குவாஷ் பயிற்சிக் கழகம் 2000இல் எழுந்தது. சைரஸ் போன்சாவும் மலேசியாவிலிருந்து வந்த மேஜர் மணியமும் அங்கே பயிற்றுவித்தனர். சென்னையில் பிறந்த ஜோஷ்னா சின்னப்பாவும் தீபிகா பள்ளிக்கலும், கல்கத்தாவிலிருந்து வந்த சௌரவ் கோஷலும் அங்கே உருவாயினர். 2013இல் சௌரவ் உலகப் போட்டியின் காலிறுதியை எட்டினார். அந்நிலையை அடைந்த முதல் இந்தியர் அவரே. 2022இல் கிளாஸ்கோவில் இம்மூவரும் உலக இரட்டையர் பட்டங்கள் இரண்டை வென்றனர். 2018இல் சென்னையில் உலக இளையோர் பட்டம் பெற்ற எகிப்தியச் சிறுவன் முஸ்தஃபா அசல், 2025இல் உலக வீரரானார். அதே ஆண்டு டிசம்பரில், இராயப்பேட்டை வணிக வளாகத்தில் அமைத்த கண்ணாடி ஆடுகளத்தில், ஜோஷ்னா, அபய் சிங், அனாஹத் சிங் ஆகியோர் ஹாங்காங்கை வென்று உலகக் கோப்பையை முதன்முறையாக இந்தியாவுக்குப் பெற்றுத் தந்தனர்.

தனிநபர் உலகப் பட்டம் மட்டும் இந்தியருக்கு இன்னும் கிட்டவில்லை. 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் ஸ்குவாஷ் முதன்முறையாக இடம்பெறுவதால் அரசும் செல்வரும் இதன்பால் கண் திருப்புவர். அவர்கள் பணம் எங்கே செல்லவேண்டும் என்பதே நம் கேள்வி. ஓர் ஆடுகளத்துக்கு வேண்டிய தரை 32 அடி நீளமும் 21 அடி அகலமுமே. கண்ணாடிச் சுவர் காண்போருக்கு இன்பம் தரும்; ஆனால் வீரரை உருவாக்குவது, பள்ளி விட்ட மாலையில் கட்டணமின்றித் திறந்திருக்கும் சாதாரணச் சுண்ணாம்புச் சுவரேயாகும். அத்தகைய சுவர்கள் நகரின் நடுவில் மட்டும் நில்லாமல், ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வரை பரவவேண்டும். அதிகாரிகள் உறங்கிய நண்பகலில் ஹாஷிமுக்குத் தற்செயலாகத் திறந்த கதவை, காட்டுப்பாக்கத்துப் பிள்ளைகளுக்கு நாம் அறிந்தே திறந்து வைப்போமாக.