தேர்வெழுதாமல் வந்த பிளஸ் டூ மதிப்பெண் (2021)

கொரோனா பரவலால் தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்தானது. ஒவ்வொரு பாடத்தின் மதிப்பெண்ணும் கணக்கிட்டே வழங்கப்பட்டது. பத்தாம் வகுப்பில் அதிக மதிப்பெண் பெற்ற மூன்று பாடங்களின் சராசரிக்கு 50 விழுக்காடு, பதினொன்றாம் வகுப்பு எழுத்துத்தேர்வுக்கு 20, பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வுக்கும் அகமதிப்பீட்டுக்கும் 30.

பத்தாம் வகுப்பில் கணக்குப்பதிவியல் என்ற பாடமே கிடையாது. ஆயினும் அதன் பாதி மதிப்பெண்ணைத் தமிழும் அறிவியலும் முடிவு செய்தன. பதினொன்றாம் வகுப்பில் அப்பாடத்துக்கும் வேதியியலுக்கும் 2020 மார்ச்சில் ஊரடங்கால் தேர்வு நடக்கவில்லை. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளையும் வருகைப் பதிவையும் வைத்தே மதிப்பெண் போடப்பட்டிருந்தது. ஆக, மதிப்பீட்டின் மேல் இன்னொரு மதிப்பீடு. பத்தாம் வகுப்பில் சுணங்கிப் பிறகு விழித்துக்கொண்ட மாணவருக்கு இம்முறை கைகொடுக்கவில்லை.

ஜூலை 19 அன்று முடிவு வெளியானது. பள்ளி மாணவர் அனைவரும் தேர்ச்சி. மதிப்பெண் போதாது என்றவர்கள் பின்னர் தேர்வெழுதலாம். அவர்களுக்கு அந்த மதிப்பெண்ணே இறுதி என அறிவிக்கப்பட்டது.