எமிகிரண்ட், இமிகிரண்ட்

எமிகிரண்ட், இமிகிரண்ட் என்னும் ஆங்கிலச் சொற்களிரண்டும் இடம் பெயர்தலைக் குறிக்கும் ஒரே இலத்தீன் வினையடியினின்று தோன்றியவை. முன்னதன் முதலிலுள்ள ஒட்டு ‘வெளியே’ என்றும், பின்னதன் ஒட்டு ‘உள்ளே’ என்றும் பொருள்தர, அவை பரஸ்பரம் விரோதமான திசைகளை நோக்கி நிற்கின்றன.

ஆயினும் மலேசியாவின் காம்பார் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய நம் முன்னோரை நினைக்குங்கால், அவ்விரோதம் சொற்களுக்கேயன்றி மனிதனுக்கு இல்லையென்பது பிரத்தியக்ஷமாகிறது. நாகப்பட்டினத்தில் கப்பலேறியவனை இந்திய சர்க்கார் 1922-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எமிகிரண்ட் என்றது; அத்தகைய தொழிலாளரைத் தருவிக்கும் பொருட்டு 1907-இல் நிதியொன்று ஏற்படுத்திய மலாயா சர்க்காரோ, பினாங்கில் இறங்கிய அவனையே இமிகிரண்ட் என்றது. ஆளும் ஒன்று, அவன் மூட்டையும் ஒன்று.

நம் மொழியிலோ ‘புலம்பெயர்தல்’ என்னும் ஒரு சொல்லே இரு திசைக்கும் போதுமானதாயிருக்கிறது. பட்டினப்பாலையும் சிலப்பதிகாரமும் புகார் நகருக்கு வந்து கலந்துறைந்த அயல்நாட்டாரை அச்சொல்லால் சுட்ட, நாமோ இன்று தாயகம் விட்டுச் சென்ற தமிழரை அதனால் சுட்டுகிறோம். போனவனும் வந்தவனும் ஒருவனே என்பதை உட்கொண்ட இச்சொல்லே என் மனத்துக்கு உவப்பானது. ஆனால் மலேசிய மண்ணிலேயே பிறந்து அம்மண்ணிலேயே அடங்கியவர்களின் சந்ததியாரை ‘வந்தேறி’ என்பது பெரும் அநியாயம். தோட்டத்து முதியவர்கள் ‘ஊருக்குப் போகிறேன்’ என்றால் தமிழ்நாட்டைச் சொன்னார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு ஊரென்பது காம்பாரே.