வீட்டுத் திரையில் மீண்ட ஜப்பானியப் படங்கள்

ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு எடுத்த படமொன்றை அண்மையில் என் வீட்டிலேயே அமர்ந்து பார்த்தேன். 1929-ஆம் ஆண்டில் வெளிவந்த ஊமைப்படம் அது. 'தொக்கான் கொஸோ' என்பது அதன் பெயர். பாய்ந்து மோதும் பொடியன் என்று ஒருவாறு தமிழில் சொல்லலாம். அமெரிக்க நிறுவனம் ஒன்று 2017-இல் வெளியிட்ட ஒளித்தட்டில், ஓசுவின் வேறொரு படத்துக்குத் துணையாக அது சேர்க்கப்பட்டிருந்தது. வெளிவந்த காலத்தில் ஏறத்தாழ 38 நிமிடம் ஓடிய படம் அத்தட்டில் சுமார் 14 நிமிடமே ஓடுகின்றது. எஞ்சிய பகுதி எங்கே போயிற்று? இருக்கின்ற 14 நிமிடம் எவ்வாறு தப்பிப் பிழைத்தது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காணப் புகுந்தால் ஜப்பானியத் திரைப்பட வரலாற்றின் பெரும்பகுதியைத் தொட வேண்டியிருக்கும். அதனையே மாணவ நண்பர்களுக்கு இன்று சொல்ல விரும்புகிறேன்.

ஓசு 1903 டிசம்பர் 12-ஆம் நாள் தோக்கியோவில் பிறந்தார்; 1963-இல் அதே டிசம்பர் 12-ஆம் நாள், அறுபது ஆண்டு நிறைவுற்ற அன்று மறைந்தார். 1923 ஆகஸ்டு மாதத்தில், ஷோச்சிக்கு என்னும் படக்கம்பெனியின் கமாத்தா படப்பிடிப்பு நிலையத்தில் காமிராக்காரரின் உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தார். அடுத்த மாதம் முதல் நாளன்றே தோக்கியோவையும் யோகஹாமாவையும் தரைமட்டமாக்கிய பெரும் பூகம்பம் நிகழ்ந்தது. 1927 முதல் 1962 வரை அவர் ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்களை இயக்கினார். அவற்றுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இன்று உலகில் எங்கும் இல்லை. அழிந்தவற்றுட் பெரும்பாலானவை அவர் இளமையில் எடுத்த ஊமைப்படங்களே.

அழிவுக்குக் காரணம் ஒன்றன்று, பல. முதலாவது, படச்சுருளின் இயல்பு. அக்காலத்துச் சுருள் நைட்ரேட் செல்லுலோஸால் ஆயது. துப்பாக்கி மருந்துக்குப் பயன்படும் வெடிபஞ்சுக்கு அது நெருங்கிய உறவு. தீப்பற்றிவிட்டால் நீரில் அமிழ்த்தினாலும் அணையாது. எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவைத் தானே வெளியிட்டுக்கொள்ளும். தீப்பற்றாது தப்பினாலும் சும்மா இராது. ஈரக்காற்றும் வெப்பமும் சேர்ந்தால் முதலில் பிசுபிசுக்கும், பிறகு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கடைசியில் பழுப்புத் தூளாக உதிரும். ஜூன் மாதமெல்லாம் மழை பெய்து புழுங்கும் ஜப்பானில் அத்தகைய சுருளைக் காப்பாற்றுவது எளிதா? மேலும், படக்கம்பெனிகள் ஒரு படத்துக்கு மிகச் சில பிரதிகளே எடுத்தன. அவை தேயும்வரை கொட்டகை கொட்டகையாக ஓட்டின. ஓடி முடிந்த படத்தைச் செய்தித்தாளைப்போல் கருதினார்களேயன்றி நூலைப்போல் கருதினாரில்லை. இதற்காக ஜப்பானியரை மட்டும் நாம் குறை கூறுதல் பொருந்தாது. அந்நாளில் உலகெங்கும் அப்படித்தான்.

பின்னர் போர் வந்தது. 1945-ஆம் ஆண்டின் குண்டுவீச்சில் நகரங்களோடு கிடங்குகளும் எரிந்தன. போர் முடிந்தபின் அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் இருநூறுக்கும் மேற்பட்ட ஜப்பானியப் படங்களைத் தடை செய்தது. அவற்றின் பிரதிகள் பல தீயிலிடப்பட்டன.

தம் படத்தைத் தாமே அழித்த நிகழ்ச்சியும் ஓசுவின் வாழ்வில் உண்டு. இந்தியர்களாகிய நமக்கு அதில் ஒரு தனித்தொடர்பு இருப்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். 1943-இல் ஜப்பானிய இராணுவம் அவரைப் பிரசாரப் படம் எடுப்பதற்காகச் சிங்கப்பூருக்கு அனுப்பியது. நேதாஜி சுபாஷ் சந்திர போஸையும் இந்திய தேசிய இராணுவத்தையும் பற்றிய 'டில்லிக்கு, டில்லிக்கு' என்ற படமே அவர் எடுக்கப் புகுந்தது. மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பலர் அப்படையில் சேர்ந்திருந்த காலம் அது. படம் முற்றுப்பெறவில்லை. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தபோது, எழுதிய கதைப்படியையும் எடுத்த சுருள்களையும் ஓசு அழித்துவிட்டார். பகைவர் கையில் அகப்படலாகாது என்பதற்காகச் செய்த காரியம். அந்நிலையில் வேறு எவரும் அதையே செய்திருப்பர். ஆயினும் அச்சுருள்களில் எந்த முகங்கள் பதிந்திருந்தனவோ என்று எண்ணும்போது மனம் கனக்கிறது. அதே சிங்கப்பூரில் ஓசுவுக்கு ஒரு நன்மையும் விளைந்தது. போரில் ஜப்பானியர் கைப்பற்றிய அமெரிக்கப் படங்கள் அங்கே ஏராளமாக இருந்தன. வேலை அதிகமில்லாத அம்மாதங்களில் அவற்றை ஓட்டச்செய்து கண்டுகளித்தார். ஆர்சன் வெல்ஸின் 'சிட்டிசன் கேன்' படம் அவரை மிகவும் கவர்ந்தது. போர் முடிந்தபின் சிலகாலம் காவலில் இருந்து, இரப்பர்த் தோட்டத்தில் வேலையும் செய்து, 1946-இல் நாடு திரும்பினார்.

இனி, அந்தப் பதினான்கு நிமிடத்துக்கு வருவோம். 1922-இன் இறுதியில் பிரான்சு நாட்டுப் பாத்தே கம்பெனி, வீடுகளில் படங்காட்டுவதற்கென ஒரு சிறு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பாத்தே பேபி என்று அதற்குப் பெயர். கொட்டகைகளில் ஓடும் சுருள் 35 மில்லிமீட்டர் அகலமுடையது, இதுவோ 9.5 மில்லிமீட்டர்தான். சுருளின் இரு ஓரங்களிலும் துளையிடுவதற்குப் பதில், படத்துக்கும் படத்துக்கும் நடுவே ஒரே ஒரு துளையிட்டு இடத்தை மிச்சப்படுத்தினார்கள். எளிதில் தீப்பற்றாத அசிட்டேட் பொருளால் அது செய்யப்பட்டது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் வெடிமருந்தின் உறவை வைத்துக்கொள்ள யார்தாம் துணிவர்? கைப்பிடியைச் சுற்றினால் படம் ஓடும். எழுத்துகள் வரும் இடத்தில் சுருளின் ஓரத்தில் ஒரு வெட்டுக்குறி இருக்கும். அது வந்தவுடன் கருவி தானே சில நொடிகள் படத்தை நிறுத்திவைக்கும், பார்ப்பவர் படித்துக்கொள்ளலாம். நீண்ட சுருளில் பதிக்கவேண்டிய எழுத்துகள் இவ்வாறு ஓரிரண்டு கட்டங்களில் அடங்கிவிட்டன. சிக்கனம் ஒன்றையே கருதிச் செய்த அந்த யுக்தியை நான் மிகவும் வியக்கிறேன்.

இக்கருவி ஜப்பானிய நடுத்தரக் குடும்பங்களிலும் புகுந்தது. கொட்டகையில் ஓடிய படங்களைச் சுருக்கி, வீட்டுக் கருவிக்கு ஏற்றபடி விற்றார்கள். 'தொக்கான் கொஸோ' அவ்வாறு விற்கப்பட்ட ஒன்று. கொட்டகைப் பிரதிகள் யாவும் அழிந்து, மூலநெகட்டிவும் மறைந்துபோய், அறிஞர்கள் அப்படத்தை இல்லாதவற்றின் பட்டியலில் சேர்த்து வெகுகாலம் ஆனபின், 1980-களின் இறுதியில் தனியார் ஒருவரிடமிருந்து அந்த வீட்டுச் சுருள் வெளிப்பட்டது. 2010-களில் கியோத்தோவில் மற்றொரு வீட்டுப் பிரதி கிடைத்தது. முன்னதில் இல்லாத சில காட்சிகள் அதில் இருந்தன. அதே 1929-இல் ஓசு எடுத்த, இரு நண்பர்களின் சண்டையைப் பற்றிய வேறொரு படமும் இவ்வகைச் சுருக்கமாகவே 1990-களில் மீண்டது. கம்பெனி காக்கத் தவறியதைக் குழந்தைகளின் விளையாட்டுப்பெட்டி காத்துத் தந்தது எனலாம்.

படத்தின் கதை எளியது. பிள்ளை பிடிக்கும் ஒருவன் தெருவில் விளையாடும் பையனைத் தின்பண்டமும் பொம்மையும் காட்டி அழைத்துச் செல்கிறான். பையன் செய்யும் அட்டகாசம் பொறுக்கமாட்டாமல், விட்டால் போதும் என்று திரும்பக் கொண்டுவந்து விடுகிறான். பையனாக நடித்த தோமியோ அவோக்கிக்கு அப்போது வயது ஆறு. அவன் படத்தின் பெயரையே தன் பெயராகக் கொண்டு பின்னர்ப் பல படங்களில் நடித்தான். முதியவராகி 2004-இல் மறைந்த அவர், தம் ஆறு வயது முகம் மீண்டும் வெளிப்பட்ட பின்னரும் பல ஆண்டுகள் வாழ்ந்தார். சுருக்கப்பட்ட இப்படத்தைக் கொண்டு ஓசுவின் திறமையை அளக்கலாமா என்றால், ஓரளவுக்கே முடியும் என்பேன். பையனின் முகத்தை அவர் எவ்வளவு பொறுமையாகக் கவனித்தார் என்பது விளங்குகிறது. ஒரு காட்சிக்கும் அடுத்ததற்கும் இடையே அவர் எவ்வளவு அவகாசம் விட்டார் என்பதுதான் விளங்கவில்லை. சுருக்கியவனின் கத்தரிக்கோல் முதலில் வெட்டுவது அந்த அவகாசத்தையே அன்றோ? பிற்காலத்தில் ஓசுவுக்கு உலகப்புகழ் தேடித்தந்ததும் அதுவே.

வீட்டில் படம் பார்ப்பதென்பது என்ன செய்யும் என்பதை ஓசுவே 1932-இல் ஒரு படத்தில் காட்டியிருக்கிறார். 'பிறந்தேன், ஆனால்' என்பது அதன் பெயர். அலுவலக முதலாளி தம் வீட்டில் சிறு கருவியை வைத்து, தாம் எடுத்த படங்களை ஓட்டுகிறார். ஊழியர்களும் அவர்தம் பிள்ளைகளும் கூடியிருக்கிறார்கள். திரையில் தோன்றுகிறார் ஓர் ஊழியர். முதலாளியை மகிழ்விக்க முகத்தைக் கோணிக் கோமாளித்தனம் செய்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். அவருடைய இரு புதல்வர் மட்டும் சிரிக்கவில்லை. உலகிலேயே பெரியவர் என்று தாங்கள் எண்ணியிருந்த தந்தை இவர்தாமா என்ற கேள்வியோடு வீடு திரும்பி, உண்ண மறுத்துவிடுகிறார்கள். இளைய மகனாக நடித்தவன் நம் தொக்கான் கொஸோவே. அவ்வாண்டின் சிறந்த படமாகக் 'கினேமா ஜும்போ' இதழ் இதனைத் தேர்ந்தெடுத்தது. மாணவர்கள் ஓசுவின் ஒரு படத்தை மட்டும் பார்ப்பதாயின் இதையே பார்க்கவேண்டுமென்பது என் கருத்து; 'தோக்கியோ கதை'யை விரும்புவோர் என்னோடு மாறுபடுவர்.

அந்தத் 'தோக்கியோ கதை' 1953-இல் வெளிவந்தது. ஒனோமிச்சி என்னும் கடற்கரையூரிலிருந்து வயதான பெற்றோர் தலைநகரில் வாழும் மக்களைக் காண வருகிறார்கள், மக்களுக்கோ நேரமில்லை. அகிரா குரோசாவாவின் 'ராஷோமோன்' 1951-இல் வெனிஸ் விழாவில் முதற்பரிசு பெற்றபின், ஜப்பானியப் படங்களுக்கு மேல்நாட்டில் வரவேற்பு மிகுந்திருந்தது. ஆயினும் ஓசுவின் படங்கள் மிகையாக ஜப்பானியத் தன்மை வாய்ந்தவை, பிறர்க்கு விளங்கா என்று எண்ணி, அவற்றை அனுப்பத் தயங்கினார்கள். 1958-இல் இலண்டன் விழாவில் இப்படம் பரிசு பெற்றது. நியூயார்க்கில் திரையிடப்பட்டதோ 1972-இல்தான். அப்போது இயக்குநர் மறைந்து எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. 2012-இல் பிரித்தானியத் திரைப்படக் கழகத்தின் இதழ் உலக இயக்குநர்களிடம் வாக்குக் கேட்டபோது, எல்லாக் காலத்துக்கும் சிறந்த படமென்று அவர்கள் இதனையே தேர்ந்தனர். பெற்றோரை மறக்கும் மக்கள் ஜப்பானில் மட்டுமா இருக்கிறார்கள்? இத்துணைப் புகழ்பெற்ற இப்படத்தின் மூலநெகட்டிவும் யோகஹாமாவில் பிரதியெடுக்கும் நிலையமொன்றில் ஏற்பட்ட தீயில் போய்விட்டது. இன்று நாம் காண்பது, எஞ்சிய பிரதிகளிலிருந்து பாடுபட்டுப் புதுப்பித்த உருவமே.

1975, 1976-ஆம் ஆண்டுகளில் ஜப்பானிலிருந்தே வீட்டு வீடியோ நாடாக்கள் புறப்பட்டன. 1996-இல் டிவிடி வந்தது. ஓசுவின் படங்கள் பெருநகரத் திரைப்படச் சங்கங்களைத் தாண்டி எளிய மாணவன் கைக்கு எட்டியது இவற்றால்தான். பாயில் அமர்ந்திருப்பவரின் கண்ணளவுக்கும் தாழக் காமிராவை வைப்பார் ஓசு. வீடுகளின் உள்ளறைகளும், கொதிக்கும் கெண்டியும், காலியான நடைவழியும் அவர் படங்களில் நிறைந்திருக்கும். கொட்டகையில் நொடியில் மறையும் அவற்றை இப்போது நிறுத்திப் பார்க்கலாம். பின்னோக்கி ஓட்டி மீண்டும் பார்க்கலாம். 'பின்வசந்தம்' என்ற 1949-ஆம் ஆண்டுப் படத்தில் வரும் பூச்சாடிக் காட்சியைப் பற்றி அறிஞர்கள் நடத்தும் வாதத்தில், எங்கோ ஓர் ஊரிலுள்ள கல்லூரி மாணவனும் இன்று சரிபார்த்துக் கலந்துகொள்ள முடிகிறது. எனினும் நாடாவும் தட்டும் நிலையானவை அல்ல. நாடா மங்கும், தட்டும் காலப்போக்கில் கெடும். ஜப்பானின் தேசியத் திரைப்படக் காப்பகம் குளிர்ந்த அறைகளில் சுருள்களைப் பேணுவது இதனாலேயாம்.

ஓசுவின் முதற்படம் 1927-இல் வெளிவந்த 'கழுவாயின் வாள்'. பழங்கால வாள்வீரர் கதையாக அவர் எடுத்தது அது ஒன்றுதான். படப்பிடிப்பு நடுவிலேயே அவரை இராணுவப் பயிற்சிக்கு அழைத்துவிட்டார்கள். மிச்சத்தைத் தோராஜிரோ சைத்தோ என்னும் நண்பர் எடுத்து முடித்தார். திரும்பிவந்து பார்த்த ஓசுவுக்கு, அது தம் படமென்றே தோன்றவில்லையாம். கொட்டகைப் பிரதியோ வீட்டுச் சுருளோ எதுவும் இன்றுவரை கிடைக்கவில்லை.