உள்ளடக்க மேலாண்மைத் தளம்: அமைத்தலும் மேம்படுத்தலும்

நிரல் எழுதத் தெரியாதவரும் இணையத்தளத்தில் பக்கங்களைச் சேர்க்க, திருத்த உதவும் மென்பொருள் உள்ளடக்க மேலாண்மை முறைமை. துருப்பல் (2001), வேர்ட்பிரஸ் (2003), ஜூம்லா (2005) ஆகியவை பரவலானவை. தமிழ் எண்ணிம நூலகமான ‘நூலகம்’, இத்தகைய இன்னொரு மென்பொருளான மீடியாவிக்கியில் இயங்குவது.

தமிழ்த் தளங்களுக்கு முதற்சிக்கல் எழுத்து. இலங்கையில் நெடுங்காலம் புழங்கிய பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டவை, கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துகளே. ஒருங்குறிக்கு மாற்றாமல் தளத்தில் ஏற்றினால் தேடலில் அகப்படா. தரவுத்தளமும் ஒருங்குறியில் இருத்தல் வேண்டும். பழைய லத்தீன் குறியாக்கத்தில் தங்கிய தமிழ், தளத்தை வேறு வழங்கிக்கு மாற்றும்போது கேள்விக்குறிகளாகச் சிதையலாம். முகவரியிலும் கவனம் தேவை. வேர்ட்பிரஸ் பக்கமுகவரிக்கு 200 குறிகளே ஒதுக்குகிறது. ஒரு தமிழ்க் குறியீடு அதில் ஒன்பதை விழுங்குவதால் நீண்ட தலைப்பு நடுவே அறுபடும். குறுகிய முகவரியைக் கையால் இடுவதே நல்லது.

மேம்படுத்துமுன் கோப்புகளையும் தரவுத்தளத்தையும் தனித்தனியே படியெடுத்து, ஒத்திகைத் தளமொன்றில் சோதிக்க வேண்டும். வார்ப்புருவை நேரடியாகத் திருத்தினால் அடுத்த புதுப்பிப்பு அதை அழித்துவிடும். திருத்தங்களை மூலத்திலிருந்து பிரித்துத் தனியே வைக்கும் கிளை வார்ப்புருவே பாதுகாப்பு. ஜூம்லா 3க்கான ஆதரவு 2023 ஆகஸ்டிலும் துருப்பல் 7க்கானது 2025 ஜனவரியிலும் முடிந்தன. துருப்பல் 7இலிருந்து புதிய பதிப்புக்குச் செல்வது, பெயரளவில் மேம்படுத்தல். உண்மையில் புதுத்தளம் கட்டி உள்ளடக்கத்தைக் குடிபெயர்த்தல்.