மண்ணெண்ணெயில ஓடின மொறிஸ் மைனர்

போர்மியூலா வண் பாக்கிற ஆக்களுக்குள்ள ஓயாத சண்டை ஒண்டு இருக்கு. வெல்லுறது ஓட்டுநரா, காரா? இந்தச் சண்டையில் அடிக்கடி இழுபடுகிற கதை பெனற்றன் அணியினுடையது. 1994இலும் 1995இலும் மைக்கல் ஷூமாக்கர் அந்த அணியில் உலகச் சம்பியன் ஆனார். அடுத்த வருசம் அவர் பெராரிக்குப் போக, பெராரியில் இருந்த அலேசியும் பேர்கரும் பெனற்றனுக்கு வந்தார்கள. சம்பியன் ஓடின கார் கைக்குக் கிடைச்சும் அதை அடக்க ரெண்டு பேருமே திணறினார்கள்.

காரணம், அந்தக் கார் இன்னொருவரின் கைக்குப் பழகியிருந்தது. ஸ்ரேறிங்கைத் திருப்பின உடன முன்பக்கம் கடிச்சுத் திரும்ப வேணும், பின்பக்கம் கொஞ்சம் வழுக்கினாலும் பரவாயில்லை என்பது ஷூமாக்கரின் விருப்பம். 2009 சம்பியன் ஜென்சன் பட்டன் இதுக்கு நேரெதிர். பின்பக்கம் அசையாமல் நின்றால்தான் அவருக்குக் காரில் நம்பிக்கை வரும். பிரேக்கையும் ஸ்ரேறிங்கையும் மெதுவாகத் தொடுகிற ஆள் அவர். இறக்கையின் சரிவு, சஸ்பென்சனின் இறுக்கம், பிரேக்கில் முன்னுக்கு எவ்வளவு பின்னுக்கு எவ்வளவு என்று எல்லாத்தையும் ஒவ்வொரு ஓட்டுநருக்கும் ஏற்றமாதிரி அணி மாற்றிக் கொடுக்கும்.

இதையெல்லாம் பிறவிக் குணம் எண்டு சொல்லிப்போட்டு விடுறது சுகம். ஆனா ஓட்டுற விதம் எங்க இருந்து வருது எண்டு தேடிப்போனா, றோட்டும் எஞ்சினும் எரிபொருளும்தான் முதல் வாத்திமார் எண்டு தெரியும்.

மினி கார் அதுக்கு நல்ல சாட்சி. 1964இல் மொன்ரி கார்லோ றலியை மினி கூப்பரில் வென்றவர் வட அயர்லாந்தின் பாடி ஹொப்கேர்க். 1965இல் ரிமோ மாக்கினன், 1967இல் ரவுனோ ஆல்ற்றொனன், ரெண்டு பேரும் பின்லாந்துக்காரர். பின்லாந்து ஓட்டுநர்களின் அடையாளம் இடது கால் பிரேக். வலது காலை அக்சிலேற்றரில் இருந்து எடுக்காமலே இடது காலால பிரேக்கைத் தொடுவார்கள். மினியில் முன் சக்கரந்தான் இழுக்கும். அதனால் முன்சக்கரம் தொடர்ந்து இழுத்துக்கொண்டிருக்க, பின்சக்கரம் பிடியிழந்து வளைவுக்குள் கார் தானாகச் சுழன்று திரும்பும். பனியும் ஐஸும் மூடின றோட்டில், திருப்பினாலும் நேராப் போகப் பாக்கிற காரைத் திருப்பக் கண்டுபிடிச்ச வழி அது. அந்த றோட்டு இல்லாட்டி அந்தக் காலும் இல்லை.

மொன்ரி கார்லோவில வெண்ட அந்த எஞ்சினின்ர குடும்பந்தான் எங்கட ஊர் மொறிஸ் மைனரிலயும் இருந்தது. மைனர், மினி ரெண்டையும் வடிவமைச்சவர் ஒருவரே, அலெக் இசிகோனிஸ். மைனர் 1948இல் வந்தது. 1952இல் அதுக்கு ‘ஏ சீரீஸ்’ எனப்படும் 803 சிசி எஞ்சின் பூட்டப்பட்டது. 1959இல் வந்த மினிக்கும் அதே குடும்பத்து எஞ்சின்தான். யாழ்ப்பாணத்தில் மைனரும் ஒஸ்ரின் ஏ-40உம் கேம்பிரிட்ஜும் கலியாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஹயர் ஓடின. றேஸ் ஓடின கதை இல்லை. ஆனா 1990க்குப் பிறகு, எந்தச் சம்பியனும் எழுதாத ஒரு சோதனையை அதே எஞ்சினில் எழுத வேண்டி வந்தது.

1990 யூனில் இரண்டாம் கட்ட ஈழப்போர் தொடங்கியது. குடாநாட்டின் மேல் பொருளாதாரத் தடை விழுந்தது. பெற்றோல், பற்றறி, சீமெந்து என்று தடைப்பட்டியல் நீண்டது. மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் அளவோடு வந்தது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. ஸ்ரார்ட் பண்ண மட்டும் கொஞ்சப் பெற்றோல், சூடானதும் மண்ணெண்ணெய். பின்னால வெள்ளைப் புகை, ஊர் முழுக்க அந்த மணம். அந்தக் காலத்தை வாழ்ந்த யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது அந்த மணத்தைத்தான்.

புதுக் கார்களை விட இந்தக் கிழட்டுக் கார்கள் ஏன் இதுக்குத் தோதாக இருந்தன? போர்க்காலத்திலும் அதன் பிறகும், 1953 வரைக்கும், இங்கிலாந்தில் விற்றதே தரம் குறைந்த பெற்றோல்தான். அதைக் குடிச்சும் ஓட வேணும் எண்டுதான் அந்தக் காலத்து எஞ்சின்களைச் செய்தார்கள். 803 சிசி மைனரின் அமுக்க விகிதம் 7.2. எண்பதுகளில் வந்த யப்பான் கார்களில் அது 9க்குக் கிட்ட. மண்ணெண்ணெயை அந்தளவுக்கு அமுக்கினால் நேரத்துக்கு முன்னமே எரிஞ்சு எஞ்சின் ‘டக் டக்’ எண்டு தட்டும்.

இன்னொரு காரணம் சூடு. மண்ணெண்ணெய் குளிர் எஞ்சினில் ஆவியாகாது. மைனர் எஞ்சினில் காற்று உள்ளே போகிற குழாயும் புகை வெளியே வருகிற குழாயும் ஒரே பக்கம், ஒண்டோட ஒண்டு முட்டினபடி. புகையின் சூடே எண்ணெயை ஆவியாக்க உதவும். பேர்கசன் உழவு இயந்திரத்துக்கு அந்தக் காலத்தில் மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடும் மாதிரியே ஒண்டு இருந்தது. அதுவும் பெற்றோலில் ஸ்ரார்ட் ஆகி, சூடானபின் மாறுகிறதுதான். கராச்சுக்காரருக்கு இதில் இன்னொரு வசதி, எல்லாம் கைக்கெட்டின இடத்தில இருந்தது. காபரேற்றருக்குக் கீழ இருக்கிற நட்டைத் திருப்பினால் எண்ணெய் கூடும் குறையும். டிஸ்ரிபியூற்றரைக் கொஞ்சம் திருப்பினால் பொறி விழுகிற நேரம் பிந்தும், தட்டுறதும் குறையும். இண்டைக்கு றேஸ் அணிகள் ‘செற்றப்’ எண்டு சொல்லுற வேலை இதுதான், கொம்பியூட்டர் இல்லாமல்.

செற்றப் மாறினால் ஓட்டும் மாற வேணும். மண்ணெண்ணெயில் ஓடுகிற எஞ்சினை மேல் கியரில் போட்டு, வேகம் இல்லாத நேரத்தில் அக்சிலேற்றரை மிதிச்சால் தட்டும். நேரத்தோட கியரைக் குறைக்க வேணும், காலை மெதுவா வைக்க வேணும். சும்மா நிப்பாட்டி நிப்பாட்டி எடுத்தால் எஞ்சின் ஆறிப்போகும், திரும்ப எடுக்க இல்லாத பெற்றோல் வேணும். எரியாத எண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி எஞ்சின் ஒயிலுக்குள் இறங்கி அதைத் தண்ணியாக்கும், அதனால் ஒயிலையும் பாத்துக்கொண்டிருக்க வேணும். காதால கேட்டு, மூக்கால மணந்து ஓட்டுற ஓட்டு அது. ஷூமாக்கருக்குக் காரை அவரின் கைக்கு வளைத்துக் கொடுத்தார்கள். எங்கட சாரதிமார் கையையும் காலையும் எண்ணெய்க்கு வளைத்தார்கள்.

இதை வெறும் கெட்டித்தனக் கதையாகச் சொல்லி முடிக்க எங்களுக்கு மனம் வரவில்லை. அதே மண்ணெண்ணெயில்தான் வீட்டு விளக்கும் எரிந்தது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்ச எண்ணெயும் விட்டு, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் சோதனைக்குப் படித்தார்கள். ஒரு கார் குடிச்ச ஒவ்வொரு லீற்றரும் எத்தனையோ விளக்குகளின் பங்கு. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய ஆளும் எஞ்சின் சூடேறும் வரைக்கும் காத்திருக்க வேண்டும். அந்தத் திறமையை யாரும் விரும்பிப் பழகவில்லை. தடைதான் அதைக் கட்டாயமாக்கியது. தடையை மறந்துவிட்டுத் திறமையை மட்டும் கொண்டாடினால் வரலாற்றில் பாதியைத்தான் சொன்னவர்கள் ஆவோம்.

எங்கட தலைமுறைக்கு இது முழுக்கப் பழங்கதையும் இல்லை. 2022இல் நாங்களும் பெற்றோல் வரிசையில் நிண்டனாங்கள், கியூஆர் கோட்டைக் காட்டி லீற்றர் கணக்கில் அடிச்சனாங்கள். அதே வருசம் ஓகஸ்ட்டில் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் ஒரே நாளில் 340 ரூபா ஆனது. எங்கட கரையோரத்துச் சின்னப் போட்டுக்காரருக்கு அது தொழிலையே நிப்பாட்டுற விலை.

போர்மியூலா வண் அணிகள் ஒவ்வொரு வளைவிலும் ஓட்டுநரின் கால் எவ்வளவு அமத்தினது எண்டுகூடப் பதிவு செய்து வைச்சிருக்கு. தொண்ணூறுகளில் ஹயர் ஓடினவர்களின், கராச் நடத்தினவர்களின் கணக்கு அவர்களின் நினைவில் மட்டும் இருக்கு. அவர்களுக்கு இப்ப அறுபது, எழுபது வயது. ‘அந்தக் காலம் எப்பிடி இருந்தது’ எண்டு பொதுவாக் கேட்டால் ‘கஷ்டம்தான் தம்பி’ எண்டு ஒரு வரியில முடிஞ்சிடும். எத்தனை சொட்டுப் பெற்றோலில் ஸ்ரார்ட் எடுத்தனீங்கள், எத்தனை நாளைக்கு ஒருக்கா பிளக்கைக் கழட்டித் துடைச்சனீங்கள், மழைக்கு என்ன செய்தனீங்கள், எந்த எஞ்சின் முதலில் கைவிட்டது எண்டு கேக்க வேணும். ஃபோனில றெக்கோட் பண்ணி, காரின் பேரையும் ஆண்டையும் எழுதி வைப்பம். உங்கட தெருவில் அப்பிடி ஒரு கராச் ஐயா இருந்தால், இந்தக் கிழமையே போய்க் கேளுங்கோ.