விண்மீன்களின் வயதை அறிந்த வரலாறு

நூறாண்டு வாழ்வதே அரிதான மனிதன், கோடானுகோடி ஆண்டுகள் ஒளிரும் விண்மீன்களின் வயதை எவ்வாறு அளந்தான்?

தனித்து நிற்கும் விண்மீனின் வயதை அறிவது கடினம். கூட்டமாய்ப் பிறந்தவையோ தம் வயதை மறைக்க இயலா. ஒரே முகிலிலிருந்து ஏறத்தாழ ஒரே காலத்தில் தோன்றிய அவற்றிடையே முதன்மையான வேறுபாடு திணிவே. திணிவு மிகுந்தது தன் ஐதரசனை விரைவில் செலவிட்டுச் சிவந்து வீங்குகிறது. சிறியது சிக்கனமாய் நெடுங்காலம் ஒளிர்கிறது. சூரியனுக்குரிய காலம் ஏறத்தாழ 1000 கோடி ஆண்டு. ஆகவே, ஒரு கூட்டத்தில் எத்திணிவுடையவை இப்போது முதுமையை எட்டுகின்றன எனக் கண்டால், அக்கூட்டத்தின் வயது புலப்படும். நாம் கார்த்திகை என்றழைக்கும் கூட்டத்தில் நீல விண்மீன்கள் இன்னும் சுடர்கின்றன. அதன் வயது 10 கோடி ஆண்டுக்குச் சற்று மேற்பட்டதே.

இவ்வுண்மை எளிதிற் கிட்டவில்லை. 1911இல் ஹேர்ட்ஸ்பிரங், கார்த்திகைக் கூட்டத்து மீன்களின் நிறத்தையும் ஒளியையும் வரைபடமாக்கினார். 1925இல் சிசிலியா பெயின் என்ற இளம் பெண், விண்மீன்களில் ஐதரசனே மிக மலிந்துள்ளதெனக் கண்டார். பேரறிஞர் ரசல் அதனை ஏற்கவில்லை. அம்முடிவு மெய்யாக இராதெனத் தம் ஆய்வேட்டிலேயே எழுதும் நிலை பெயினுக்கு ஏற்பட்டது. 1929இல் ரசலே அது சரியென ஒப்புக்கொண்டார். 1939இல் ஐதரசன் ஈலியமாகும் வழியைப் பெத்தே விளக்கினார். அவ்வறிவின் துணைகொண்டு 1955இல் ஹொயிலும் சுவார்ட்ஸ்சைல்டும் கோளக் கூட்டங்களுக்கு ஏறத்தாழ 600 கோடி ஆண்டு எனக் கணித்தனர்.

பின்வந்த கணிப்புகள் வயதை மேலும் உயர்த்தின. 1990களில் முதிய கூட்டங்களுக்கு 1500 கோடி ஆண்டு என்றனர் சிலர். பிரபஞ்ச விரிவின் சில அளவீடுகளோ பிரபஞ்சத்துக்கே அதனிற் குறைந்த வயதைக் கொடுத்தன. தாயினும் மூத்த மகளா? முரண்பாட்டை எவரும் மூடிவைக்கவில்லை. 1997இல் வெளிவந்த ஹிப்பார்க்கொஸ் செய்மதியின் அளவீடுகள், கூட்டங்கள் கருதியதினும் தொலைவிலுள்ளன எனக் காட்டின. தொலைவு கூடின் உண்மையொளி கூடும். ஒளி கூடின் வயது குறையும். 1998இல் பிரபஞ்ச விரிவு விரைவுறுவதும் அறியப்பட்டது. அதனால் பிரபஞ்சத்தின் கணித்த வயது உயர்ந்தது. இன்று முதிய கூட்டங்களுக்கு 1200 முதல் 1300 கோடி, பிரபஞ்சத்துக்கு 1380 கோடி ஆண்டு என்பதே கணிப்பு.

பெரியோர் சொல் பெயினின் உண்மையை நான்காண்டு தடுத்தது. சான்று அதனை மீட்டது. மாணவனின் விடை நம் நூலோடு முரண்படும்போது, அதன்மேற் சிவப்புக் கோடிடுமுன் அவன் காட்டும் சான்றைக் கேட்போமாக.